வேங்கிக்கால் மாடி வீட்டுச் சோதனை

நம்புகிறவர்கள் நம்புங்கள். நம்பாதவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டாவது படியுங்கள். இது போன ஐப்பசியில் திருவண்ணாமலை வேங்கிக்காலில் நடந்தது. கலெக்டர் ஆபீசுக்குப் பின்னால் புதுசு புதுசாக வீடு முளைத்துக் கிடக்கிறதே, அங்கே. நடந்ததற்கு மேல் ஒரு சொல் கூட்டவில்லை. நாற்றத்தை மட்டும், சாப்பிட்டுக்கொண்டே படிக்கிறவர்கள் இருப்பார்களே என்று, கொஞ்சம் கம்மி பண்ணியிருக்கிறது. அவ்வளவுதான்.

குமரேசனுக்கு ஒரு சொகுசான வேலை. வீட்டைக் கட்டிப் போட்டுவிட்டு வெளியூரில் இருக்கிறவர்களுக்காக, மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்த வீடுகளைப் போய்ப் பார்க்க வேண்டும். சுவரில் விரிசல் இருக்கிறதா, தளம் ஒழுகுகிறதா, கரையான் ஏறியிருக்கிறதா, குழாய் அடைத்திருக்கிறதா... எல்லாவற்றுக்கும் ஒரு ஃபாரம். சரியாக இருந்தால் ஒரு டிக். கையில் பதினேழு வீடு. அத்தனைக்கும் நேரில் போனால் மனுஷன் முட்டி தேய்ந்துவிடாதா? அதனால் ஆள் குடியில்லாத வீடுகளுக்கெல்லாம் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தே டிக் போட்டுவிடுவார். பழைய போட்டோவையே திருப்பித் திருப்பி அனுப்புவார். வாயில் எப்போதும் பாக்கு. டீ ஆறுவதற்குள் நாலு வீடு ‘நல்ல நிலையில் உள்ளது’.

பெங்களூரில் இருக்கும் ரேணுகாம்பாள் அம்மாவின் மாடி வீடும் இந்த ரகம்தான். தை, சித்திரை, ஆடி. மூன்று சோதனையும் டீக்கடையில்தான் நடந்தது.

அங்கேதான் மாட்டினார். “இவ்ளோ பொறுப்பா பாத்துக்கறீங்க, உங்க சொந்தக்காரங்களே குடியிருக்கட்டுமே”ன்னு சொல்லி, அந்த அம்மா வீட்டைக் குமரேசனின் அக்கா மகள் அபிநயாவுக்கே கொடுத்துவிட்டார். அபிநயாவுக்கு ஏழாம் மாதம். பால் காய்ச்ச நாளும் குறித்தாயிற்று. ஊரார் வீட்டுக்கு டீக்கடை டிக் போதும். பிள்ளைத்தாய்ச்சிப் பெண் போய் இருக்கப் போகிற வீட்டுக்கு?

பால் காய்ச்சுவதற்கு முந்தின நாள், ஒரு வருஷம் கழித்து முதல் தடவையாக அந்த வீட்டு வாசலில் பைக்கை நிறுத்தினார். பட்டப்பகல். மணி 2.35.

எதிர் வீட்டு வாசலில் சரசு. இட்லி மாவு விற்கிற அம்மா. விடிந்ததிலிருந்து விளக்கு வைக்கிற வரை அந்த ஸ்டூலை விட்டு எழுந்திருக்க மாட்டார்.

“வாங்க சார்” என்று பழகினவர் மாதிரிச் சிரித்தார்.

இந்தம்மாவை எங்கே பார்த்தோம்? குமரேசனுக்கு ஞாபகம் வரவில்லை. தலையை ஆட்டிவிட்டு வெளிப் படிக்கட்டில் ஏறினார்.

2.38. வருஷம் முழுக்கப் பூட்டிக் கிடந்த பூட்டு, வெண்ணெயில் கத்தி இறங்குவது போலத் திறந்தது.

அப்புறம் வந்தது நாற்றம்.

செத்த எலியை ஊசிப்போன சாம்பாரில் ஒரு வாரம் ஊறப்போட்டு, அதன்மேல் ஈரச் சாக்கைப் போட்டு மூடி வைத்தால் எப்படி இருக்கும்? அது இதற்குப் பக்கத்தில் வந்தால் மல்லிகைப்பூ. திருவண்ணாமலை ஈ அத்தனையும் கீழ்பென்னாத்தூருக்கு ஓடிப்போயிருக்கும்!

தரையில் தூசியே இல்லை. ஆனால் செருப்பு ஒட்டியது. எடுத்து வைத்த ஒவ்வொரு அடிக்கும்... பிச்... பிச்... பாயசம் கொட்டித் துடைக்காத தரை மாதிரி.

2.44. பாத்ரூம்.

வாஷ்பேசினில் பாக்கு எச்சில். சிவப்பாக, நுரையோடு. காயவே இல்லை.

தரையில் தண்ணீர் தேங்கியிருந்தது. ஜல்லடை மூடியைத் தூக்கி விரலை விட்டார். முடி. கொழகொழவென்று, சளி மாதிரி ஏதோ ஒன்றில் தோய்ந்த முடி. இழுத்தார். வந்தது. இன்னும் இழுத்தார். இன்னும் வந்தது. ஒரு கை நிறைய. நீள முடி இல்லை... ஆம்பளை கிராப்பு முடி. நுனியெல்லாம் மருதாணிச் சிவப்பு.

குமரேசன் மாதாமாதம் தலைக்கு மருதாணி வைக்கிறவர். அந்த யோசனையை அப்படியே உதறினார், முடியோடு சேர்த்து.

சுவரில் பெயின்ட் கொப்புளமாக உப்பியிருந்தது. கட்டைவிரலால் அழுத்தினார். வெதுவெதுவென்று... உடைந்தது. மஞ்சளாக ஒரு நீர் மணிக்கட்டில் வழிந்து முழங்கை வரை ஓடியது.

கையைச் சட்டையிலேயே துடைத்துக்கொண்டார்.

2.51. போன் அடித்தது. அபிநயா.

“மாமா, வீடு எப்படிக்கீது?”

“பாத்துட்டு இருக்கேன், இரு.”

“ஏன் மூக்கால பேசற?”

“இங்க வாயால பேச முடியாதும்மா.”

“மேஸ்திரிங்களையும் கூட்டிட்டுப் போனியா? பின்னால நாலஞ்சு பேரு பேசறாப்ல கேக்குது...”

குமரேசன் திரும்பிப் பார்த்தார்.

யாரும் இல்லை.

“அப்புறம் பேசறேன்.”

போனை வைத்தார். ஓடியிருக்கலாம். ஆனால் சுவர் டைல்ஸ் உள்ளுக்குள் ஒட்டு விட்டிருக்கிறதா என்று தட்டிப் பார்த்துவிடுவோம், அதோடு சரி என்று நினைத்தார். சட்டைப் பையிலிருந்து பத்து ரூபாய் நாணயத்தை எடுத்தார். தட்டப்போனது வெளிச்சுவர். அதற்கு அந்தப் பக்கம் வெறும் காற்றுதான்.

சரியாக 3.00.

டொக்.

சுவர் பதில் சொன்னது.

டொக். டொக். டொக்.

எதிரொலியாக இருக்கும். இன்னும் இரண்டு தட்டினார்.

டொக். டொக்.

பதிலுக்கு ஆறு வந்தது.

கை நின்றது.

அவர் தட்டியது இரண்டுதான்.

சுவருக்குள்ளே... பாக்கு மெல்லுகிற சத்தம்.

சப்... சப்... சப்...

இடது சுவரில்.

வலது சுவரில்.

முதுகுக்குப் பின்னால்.

3.04-க்கு அவர் கீழே இருந்தார். எப்படி இறங்கினார் என்பது இன்றுவரை அவருக்குத் தெரியாது. சாக்கடை ஓரம் உட்கார்ந்து, காலையில் சாப்பிட்டது வரை வாந்தி எடுத்துவிட்டு, அபிநயாவைக் கூப்பிட்டார்.

“நாளைக்கு வராத.”

“ஐயர்கிட்ட நேரம்கூடக் கேட்டாச்சு மாமா! ஏன்?”

“நான் இந்த வீட்டைப் பாக்கவே இல்லம்மா. ஒரு வருஷமா இந்தப் பக்கமே வரல. டிக் எல்லாம் டீக்கடையில போட்டது.”



“கண்ணுல விளக்கெண்ணெய் ஊத்திப் பாக்கறவரு எங்க மாமான்னு ஊரெல்லாம் சொல்லி வெச்சிருக்கேன். நல்லா பாத்த போ!”

“திட்டு. எவ்ளோ வேணா திட்டு. அந்தம்மாகிட்டயும் நானே சொல்லிடறேன், வேலை போனா போவுது. நீ மட்டும் இந்தப் படி ஏறாத.”

போனை வைத்தபோது பக்கத்தில் சரசு ஒரு சொம்புத் தண்ணீரோடு நின்றிருந்தார். பேசியது காதில் விழுந்திருக்கிறது.

“இன்னா சார், வரவே இல்லன்றீங்க? தையில வந்தீங்க. சித்திரையில வந்தீங்க. ஆடியில தூறல்ல நனைஞ்சிக்கினே வந்தீங்க. இதே ஃபாரம் கையில. நான் ‘வாங்க சார்’னேன், தலைய ஆட்டினீங்க...”

குமரேசன் வாங்கின சொம்பைக் குடிக்காமலே கீழே வைத்தார்.

சரசு மாடிப்படியை நிமிர்ந்து பார்த்தார். குரல் தணிந்தது.

“ஆனா ஏறிப் போறதைத்தான் சார் பாத்திருக்கேன். மூணு வாட்டியும் இறங்கி வந்து பாக்கல. இன்னிக்குத்தான் ஒருத்தரு இறங்கியிருக்கீங்க...”