எடையக்காவின் நாற்பது பொய்கள்

பெட்டியைப் பார்த்த மாத்திரத்தில் உள்ளே எத்தனை ஜோடி காலுறை இருக்கிறது, அதில் எது ஓட்டை என்பதுவரை சொல்லிவிடுவாள் எடையக்கா. சரி, காலுறை கொஞ்சம் மிகைதான். ஆனால் எடையைச் சொல்லிவிடுவாள். ஒரு கிலோ முன்னே பின்னே இருக்கலாம். பத்தொன்பது வருஷமாக அதே விமான கம்பெனி, அதே கவுண்டர், பக்கத்தில் அதே தராசு. பெட்டியை நைசாகக் கவுண்டர் ஓரத்தில் சாய்த்து எடையைக் குறைக்கப் பார்க்கும் பயணிகளை, "சார், பெட்டிக்குத் தானா நிக்கத் தெரியும், விடுங்க" என்று மடக்கிவிடுவாள்.

கம்பெனி நொடித்துப்போய் இரண்டு வருஷம். ஐந்து விமானங்களில் இரண்டு, கொட்டகையில் நின்றபடியே மற்ற மூன்றுக்கும் உதிரிபாகம் தானம் செய்துகொண்டிருந்தன. காபி இயந்திரம் ரிப்பேருக்கு என்று போனது, போனதுதான். ஊழியர் பஸ் தற்காலிகமாக நின்றது, நின்றதுதான். அதன் பிறகு அறிவிப்புப் பலகையில் நிர்வாகம் எதை ஒட்டினாலும் எல்லாரும் தலைகீழாகவே படித்தார்கள்.

அந்தப் பலகையில் ஒரு திங்கட்கிழமை, தரைப்பணி ஊழியர்கள் அனைவரும் வியாழனன்று எடை பார்த்துக்கொள்ள வேண்டும் என்று ஒரு தாள். ஏன், எதற்கு என்று ஒரு வரி இல்லை.

"இதுல புரியாததுக்கு என்ன இருக்கு?" என்றார் பெட்டி ஏற்றுகிற பூதம். ஆறடி உயரம், அதற்கேற்ற அகலம்; அந்தப் பெயர் சும்மா வரவில்லை. "பிளேன்ல லோடு கூடினா கனமான பெட்டியத்தானே முதல்ல இறக்குவோம்? நம்மளையும் அப்படித்தான் இறக்கப் போறாங்க."

வியாழனன்று எடையக்காவின் தராசுக்கு வரிசையில் வந்த ஒவ்வொருவரும் குனிந்து ஒரே வரியை முணுமுணுத்தார்கள். "அக்கா, கொஞ்சம் பாத்துப் போடுங்க."

"முழங்கையக் கவுண்டர்ல ஊனிக்கோ. என்னைப் பாக்காதே, சுவரைப் பாரு."

பூதம் ஒரு நிமிஷத்தில் பதினோரு கிலோ இளைத்தார். கடைசியில் மேலாளரும் ஏறினார். யாரும் சொல்லாமலே அவருடைய முழங்கை தானாகக் கவுண்டரைத் தேடிப் போனது. தராசு காட்டியதை எடையக்கா அப்படியே எழுதிக்கொண்டாள். ஆக மொத்தம் நாற்பது பேர்.

மறுநாள் மதியம்தான் காரணம் வந்தது. கொட்டகையில் நின்றுபோன இரண்டில் சின்ன விமானத்துக்கு மறுபடி அனுமதி வாங்க, ஞாயிறன்று சோதனை ஓட்டம். முழுப் பாரத்தோடு பறந்து காட்ட வேண்டும். பயணிகளை ஏற்ற முடியாது. எனவே ஊழியர்களே பாரம். எடையக்கா எழுதிய எடைகள் நேராக, விமானி பாரக் கணக்குப் பார்க்கும் லோடு ஷீட்டுக்குப் போகும்.

அந்தக் கம்பெனியில் பொய் எழுதாத ஒரே தாள் லோடு ஷீட்தான். அதிலும் இப்போது முந்நூறு கிலோவுக்கு மேல் பொய், அவள் கையெழுத்தில். சொன்னால் வேலை போகும். மகள் கல்லூரியில் கடைசி வருஷம். சொல்லாவிட்டால், விமானி தெரியாத பாரத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுபாதையில் ஓடுவார்.

சாயங்காலம் வீட்டில் சொன்னதும், பள்ளி வேன் ஓட்டும் கணவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்துவிட்டார். "என் வண்டியில ரெண்டு பிள்ளைங்க கூட ஏறினாலே பிரேக் சொல்லுது. நீ நாலு பூதத்தை ஒளிச்சு வச்சிருக்கியே!"

"நாலு இல்லீங்க, மூணு."

"போய்ச் சொல்லு. வேலை போனா வேன்ல பிள்ளைங்களை ஏத்தி இறக்க எனக்கும் ஒரு ஆள் வேணும்."

சனிக்கிழமை காலை முதல் ஆளாக மேலாளர் அறைக்குப் போனாள்.

"சார், அந்த எடையெல்லாம் பொய்."

"யாரோடது?"

"எல்லாரோடதும்."

மேலாளர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். "என்னோடதுமா?"

"உங்களுக்கு முழங்கை ரொம்ப பலம் சார்."

அவர் காது சிவந்தது. "ஏம்மா, எதுக்கு எடைன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

"கேட்டா சொல்லியிருப்பீங்களா?"

மேலாளர் குரலைத் தாழ்த்தி, "எனக்கே நேத்துதாம்மா சொன்னாங்க. நானும் ஆளைக் குறைக்கத்தான்னு நெனச்சேன்" என்றார்.

அவளைக் காட்டிக்கொடுத்தால் தன் முழங்கையையும் காட்டிக்கொடுக்க வேண்டும். அரை மணி நேரத்தில் பலகையில் புதுத்தாள்: தராசில் கோளாறு, சரிசெய்யப்பட்டது, அனைவரும் மீண்டும் எடை பார்க்கவும். பத்தொன்பது வருஷத்தில் நிர்வாகத்தின் பொய் ஒன்றை எடையக்கா மனமார வாழ்த்தியது அன்றுதான்.

இந்தத் தடவை விமானியே தராசருகே வந்து நின்றார். இரண்டு கையும் தலைக்குமேல் என்று எடையக்கா உத்தரவு போட்டாள். கொள்ளைக்காரனிடம் சிக்கியவர்கள் போல ஒவ்வொருவராக ஏறி இறங்கினார்கள்.

"அக்கா, முந்தாநேத்து தங்கச்சி மாதிரி இருந்தீங்க, இன்னிக்கு போலீஸ் மாதிரி ஆயிட்டீங்க" என்று புலம்பியபடி பூதம் தன் பதினோரு கிலோவைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். மேலாளர் எண்பத்தேழு. பார்த்தவர்கள் இருமினார்கள்.

"நாப்பது பேரும் ஆச்சு சார்" என்று தாளை நீட்டினாள்.

விமானி விரலால் வரிசையை எண்ணினார். "பறக்கப் போறது நாப்பத்தொரு பேர். நீங்களும் உண்டு."

"என்னோடது எனக்கே தெரியுமே சார். ஐம்பத்தெட்டு."

சுற்றி நின்ற கூட்டம் வாய்விட்டுச் சிரித்தது. தராசின் முகப்பைப் பார்க்கப் பூதம் ஓடிவந்து கவுண்டருக்குள் புகுந்துகொண்டார். வேறு வழியில்லாமல் எடையக்கா செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினாள். கைகளைத் தலைக்குமேல் தூக்கினாள். எண்ணைத் தானே எட்டிப் பார்த்துத் தானே அறிவித்தாள்: "அறுபத்தேழு."

"அறுபத்தேழரை" என்றார் பூதம்.