மகாராணியின் தாழ்ப்பாள்

மகாராணி என்பது அவளுக்கு அண்ணி வைத்த பெயர். இருந்த இடத்திலிருந்தே தண்ணீர் கேட்கிறாள், சீப்புக் கேட்கிறாள், மின்விசிறியைக் குறைக்கச் சொல்கிறாள். பின்னே வேறெப்படிக் கூப்பிடுவதாம் என்பது அண்ணியின் நியாயம். குத்தலுக்கு வைத்த பெயர்தான். ஆனால் அவள் அதைக் கீழே விழாமல் பிடித்துக்கொண்டாள். "மகாராணி கேக்கறேன், டீ எங்க?" என்று அவளே அதட்ட ஆரம்பித்ததும் அண்ணிக்கு அந்தப் பெயரில் இருந்த ருசி போய்விட்டது.

சிறுவயதுக் காய்ச்சல் ஒன்றில் அவளுடைய கால்கள் இரண்டும் விடுப்பு எடுத்துக்கொண்டு போயின. இன்னும் வேலைக்குத் திரும்பவில்லை. வாய் மட்டும் அந்த இரண்டின் வேலையையும் சேர்த்துப் பார்த்தது. பிழைப்பும் வாயால்தான். கொரியர் நிறுவனம் ஒன்றின் புகார்ப் பிரிவுக்கு வீட்டிலிருந்தே அழைப்புகளை எடுப்பாள். கண்ணாடி ஜாடி அனுப்பித் தூளாக வாங்கியவர்கள், செருப்பில் ஒற்றை மட்டும் வந்து சேர்ந்தவர்கள் எல்லாரும் அவளைத்தான் திட்டுவார்கள். "உங்க அழைப்பு எங்களுக்கு ரொம்ப முக்கியம். கொஞ்சம் காத்திருங்க" என்று தேன் ஒழுகச் சொல்லிவிட்டு, மைக்கை அணைத்து, அவர்களுடைய ஏழு தலைமுறையையும் விசாரிப்பாள்.

அண்ணன் வீட்டில் அவளுக்கென்று இருந்தது ஹாலின் ஒரு மூலை. மறைப்புக்கு ஒரு திரைச்சீலை. அண்ணன் பிள்ளைகள் பந்து தேடித் திரையை விலக்குவார்கள். விருந்தாளிகள் குளியலறை தேடி விலக்குவார்கள். அண்ணி எதையும் தேடாமலே விலக்குவாள். உடை மாற்றும்போது மகாராணியின் ஒரு கை எப்போதும் திரையின் நுனியைப் பிடித்தபடி இருக்கும். ஒற்றைக் கையால் சட்டை மாட்டப் பழகியதற்கு அவளுடைய உடல் குறை காரணமல்ல, அந்த வீட்டில் இருந்தவர்கள்தான் காரணம்.

அவள் மனதில் ஒரே ஒரு ஆசை இருந்தது. ஒரு கதவு வேண்டும். அதற்கு உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள் வேண்டும். நகை கேட்டாலும் மதிப்பார்கள், தாழ்ப்பாள் கேட்டால் சிரிப்பார்கள் என்று யாரிடமும் வாயைத் திறக்கவில்லை.

அதனால்தான், மாற்றுத்திறனாளிகளுக்காகப் புதிதாக ஒரு ஆதரவு இல்லம் வருகிறது, ஆளுக்கொரு தனி அறை, வேண்டிய உதவிக்கு ஆட்கள் என்று அண்ணன் தயங்கித் தயங்கிச் சொன்னபோது, அவர் முடிப்பதற்குள் "போறேன்" என்றாள். அண்ணனுக்குக் கண் கலங்கியது. அண்ணி பெட்டி கட்டிய வேகத்தைப் பார்த்தால் வீட்டில் தீப்பிடித்ததோ என்று தோன்றும். வாசலில் அண்ணியும் அழுதாள். அது பொய்க் கண்ணீர் என்று மகாராணி சொல்லமாட்டாள். சந்தோஷத்திலும் அழுகை வரும்தானே.

இல்லம் நன்றாகத்தான் இருந்தது. இருப்பதை இல்லையென்று சொல்லக்கூடாது. சுவிட்சுகள் கைக்கு எட்டின. கழிப்பறையில் பிடித்து நகரக் கம்பிகள் இருந்தன. முதல் நாள் காலையில் கழுத்தை நீட்டாமல், யாரையும் கூப்பிடாமல் வாஷ்பேசினில் பல் துலக்கியபோது அவளுக்கு அழுகை வந்துவிட்டது. வாயில் நுரையோடு அழுவது அழகாக இருக்காது என்பதால் சீக்கிரம் நிறுத்திக்கொண்டாள்.

பிறகுதான் கதவைப் பார்த்தாள். வழவழவென்று, வெண்ணெய் நிறத்தில், அகலமான கதவு. உள்பக்கம் கைப்பிடி தவிர ஒன்றுமில்லை.

அந்த இல்லத்தில் கதவைத் தட்டுவதற்கு ஒரு முறை இருந்தது. முதலில் திறப்பார்கள், உள்ளே வருவார்கள், வந்து நின்றுகொண்டு திறந்த கதவில் இரண்டு தட்டுத் தட்டுவார்கள். பயிற்சியில் தட்டச் சொல்லியிருந்தார்களாம். எப்போது தட்டுவது என்று சொல்ல மறந்துவிட்டார்கள் போலிருக்கிறது.

சக்கர நாற்காலியை உருட்டிக்கொண்டு நிர்வாகியிடம் போனாள். அவர் தங்கமான மனிதர் என்று ஊரெல்லாம் பேச்சு. அதில் பாதி அவரே பேசியது. இல்லத்தில் இருக்கும் எல்லாரையும் 'நம்ம பிள்ளைங்க' என்பார். அந்தப் பிள்ளைகளில் ஒருவருக்குப் பேரன் கல்லூரியில் படிக்கிறான். மகாராணியே அவரைவிட மூத்தவள்.

"என்னம்மா, சௌகரியமா இருக்கா? குஷன் போதுமா?" என்றார்.

"குஷன் எக்கச்சக்கமா இருக்கு சார். என் கதவுக்கு ஒரு தாழ்ப்பாள் போட்டுத் தாங்க."

அவர் முகத்தில் நிஜமாகவே வருத்தம் படர்ந்தது. "தாழ்ப்பாளா? இது என்ன ஜெயிலா? இங்க ஒளிவுமறைவே கிடையாதும்மா. இது வீடு."

"ஜெயில்ல வெளிய பூட்டுவாங்க சார். நான் கேக்கறது உள்ள. உங்க வீட்டுப் படுக்கையறையில இல்லையா?"

அவர் தொண்டையைச் செருமினார். "நீ உள்ள விழுந்துட்டா யாரு திறக்கறது?"

கேள்வி நியாயமானதுதான். அதனால் பதிலோடுதான் வந்திருந்தாள். பொதுக் கழிப்பறைகளில் இருக்கும் தாழ். உள்ளே போட்டுக்கொள்ளலாம், அவசரமென்றால் வெளியே இருக்கும் பிளவில் ஒரு நாணயத்தை வைத்துத் திருகினால் திறந்துவிடும். படத்தையும் போனில் காட்டினாள். நிர்வாகி படத்தைப் பார்க்காமலே தலையாட்டினார்.

"கமிட்டியில வைக்கறேன். ஆனா ஒண்ணு, இங்க உனக்குச் சரிப்பட்டு வரலைன்னா அண்ணன்கிட்ட பேசிடலாம். வெயிட்டிங்ல நிறைய பேர் இருக்காங்க."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். திரைச்சீலை கண்முன் வந்து நின்றது. மகாராணி நாற்காலியைத் திருப்பிக்கொண்டு வெளியே வந்தாள். வழியில் பார்த்தாள், உபரித் தலையணைகள் வைக்கும் அறைக்குப் பூட்டு தொங்கியது. அவை ஓடிப்போய்விடும் என்று பயமோ என்னவோ.

ஒரு மாலை வேலை முடிந்து, வியர்த்த சட்டையைக் கழற்றியிருந்தாள். கதவு திறந்தது. நிர்வாகி, அவருக்குப் பின்னால் நன்கொடையாளர்கள், அவர்களில் ஒருவர் கையில் கேமரா. "இது நம்ம மகாராணியோட ரூம்" என்று சொல்லியபடி உள்ளே வந்து, திறந்த கதவில் இரண்டு தட்டுத் தட்டினார்.

அவள் போட்ட கூச்சலில் கேமராக்காரர் பூந்தொட்டியில் இடித்துக்கொண்டார். உதவிக்கு இருந்த பெண்தான் ஓடிவந்து போர்வையால் மூடினாள். கதவு சாத்தப்படுவதற்கு முன் நிர்வாகியின் குரல் கேட்டது: "கொஞ்சம் உணர்ச்சிவசப்படுவா. நல்ல பிள்ளைதான்."

மகாராணி அன்று போர்வையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவமானம் உடம்பெல்லாம் எரிந்தது. அண்ணன் வீட்டிலாவது திரைச்சீலையைக் கையால் பிடித்துக்கொள்ளலாம். இவ்வளவு அகலக் கதவை நாற்காலியில் இருந்தபடி எந்தக் கையால் பிடிப்பது?

மறுநாள் அந்தத் தாழ்ப்பாளை அவளே வரவழைத்தாள். தன் நிறுவனத்தின் கொரியரில்தான், உடையாமல் வந்து சேர்ந்தது. வாசலில் கையெழுத்துப் போட்டு வாங்கி வந்து கொடுத்தவர் நிர்வாகியே. "என்னம்மா, புது வளையலா?" என்றார். "ஆமா சார், போட்டுக் காட்டறேன்" என்றாள்.

இல்லத்தின் ஆண்டு விழாவுக்குச் சுவரெல்லாம் புகைப்படம் மாட்ட ஒரு தச்சர் வந்திருந்தார். அவரைக் கூப்பிட்டாள்.

"நிர்வாகி ஐயா போடச் சொன்னாரா?" என்று தச்சர் இழுத்தார்.

"வேணாம்னு சொல்லலை."

"அது போதாதேம்மா. எனக்கு இங்க இன்னும் வேலை பாக்கி இருக்கு."

"அண்ணே, உங்க வீட்டுல அக்கா துணி மாத்தும்போது நீங்க ஆள் கூட்டிட்டு வந்து காட்டுவீங்களா?"

தச்சர் துளைபோடும் இயந்திரத்தை எடுத்தார்.

வேலை முடிந்ததும் மகாராணி அந்த உதவிப் பெண்ணைக் கூப்பிட்டு வெளியே நிற்க வைத்து, நாணயத்தால் திறந்து பழகச் செய்தாள். "நான் விழுந்தா, நான் கூப்பிட்டா, இல்ல ரொம்ப நேரம் சத்தமே இல்லைன்னா திற. மத்தபடி கடவுளே வந்தாலும் திறக்காத."

"வேலை போயிடும்க்கா."

"என் இடமும்தான் போயிடும். அப்புறம் ரெண்டு பேரும் எங்க அண்ணி வீட்டு ஹால்ல இருப்போம்."

அந்தப் பெண் சிரித்துவிட்டு நாணயத்தை வாங்கிக்கொண்டாள்.

ஆண்டு விழா வந்தது. நிர்வாகி விருந்தினர்களை அறை அறையாக அழைத்துப்போனார். இல்லத்துக்கு இடம் கொடுத்த வயதான அம்மாள் முன்னால் வர, மற்றவர்கள் பின்னால். "இங்க எங்க பிள்ளைங்களுக்கு முழுச் சுதந்திரம்" என்று சொல்லிக்கொண்டே மகாராணியின் கதவுக் கைப்பிடியைத் திருப்பினார். கதவு அசையவில்லை. தோளால் தள்ளினார். அசையவில்லை. அசடு வழியச் சிரித்துவிட்டு, அந்த இல்லத்தில் முதல்முறையாக, மூடிய கதவைத் தட்டினார்.

உதவிப் பெண்ணை முறைத்தார். "என்ன இது? வெளிய இருந்து திறக்க வழி இல்லையா?"

அவள் கைக்குள் நாணயத்தை இறுக்கிக்கொண்டாள். "இருக்கு சார். அக்கா கூப்பிட்டா திறப்பேன்."

"மகாராணி! திறம்மா. பெரியவங்க வந்திருக்காங்க."

உள்ளிருந்து தேன் ஒழுகும் குரல் வந்தது. "உங்க அழைப்பு எங்களுக்கு ரொம்ப முக்கியம். கொஞ்சம் காத்திருங்க."

நிர்வாகியின் முகம் சிவந்தது. அந்த அம்மாள் அவரைத் திரும்பிப் பார்த்தார். "துணி மாத்தறாங்க போல. நீங்க எல்லார் ரூமுக்கும் இப்படித்தான் நுழைவீங்களா?" என்று கேட்டுவிட்டு, எதிரே கிடந்த சோபாவில் குஷன்களை ஒதுக்கி உட்கார்ந்தார். மற்றவர்கள் வேறு வழியின்றி நின்றார்கள்.

உள்ளே மகாராணி துணி மாற்றவில்லை. காலையிலேயே மாற்றியாயிற்று, தலையும் வாரியாயிற்று. அவளுக்கு ஒரு வேலையும் இல்லை. இரண்டு கைகளையும் மடியில் போட்டுக்கொண்டு, கதவுக்கு அந்தப் பக்கம் அவர்கள் காத்திருப்பதைக் கேட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள்.