கவருக்குள் சுருட்டி வைத்த ஊசி

மூன்று வருடங்களுக்கு முன், கிறிஸ்துமஸுக்குப் பத்து நாள் இருக்கும்போது நடந்தது இது. ராயபுரம் கல்மண்டபத்துக்குப் பக்கத்தில், பன்னிரண்டு வீடுகள் உள்ள ஒரு பழைய அடுக்குமாடிக் கட்டடத்தில் குடியிருக்கிறோம். எனக்கு அப்போது நாற்பத்திரண்டு வயது. துறைமுகத்தில் சரக்கு ஏற்றி அனுப்பும் ஓர் அலுவலகத்தில் வேலை.

அந்த வருடம்தான் டாக்டர் என்னை இன்சுலின் ஊசி போட்டுக்கொள்ளச் சொன்னார். எனக்கு அது பெரிய அவமானமாக இருந்தது. "இந்த வயசிலேயே ஊசியா?" என்று அக்கம்பக்கத்தில் பாவமாகப் பார்ப்பார்களே என்று, மனைவியைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை. போட்டு முடித்த ஊசிகளை ஆன்லைன் பார்சல் வந்த பிளாஸ்டிக் கவருக்குள் போட்டு, இறுக்கிச் சுருட்டி, சமையலறைக் குப்பையோடு கலந்து கீழே தொட்டியில் தள்ளிவிடுவேன். மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று பிரித்துக் கொடுக்கச் சொல்லி மாடிப்படி ஓரம் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தது. தினமும் அதைத் தாண்டித்தான் போவேன். ஒரு நாளும் நின்று படித்ததில்லை.

எங்கள் தெருவுக்குப் பேட்டரி வண்டியில் குப்பை எடுக்க வருபவர் ஒரு பெண்மணி. ஏறக்குறைய என் வயதுதான் இருக்கும். அன்று காலை அவர் வழக்கம்போல் விசில் ஊதவில்லை. படியேறி வந்து ஒவ்வொரு கதவாகத் தட்டிக்கொண்டிருந்தார். எங்கள் கதவைத் திறந்தேன். அவருடைய கட்டைவிரலில் துணி சுற்றியிருந்தது.

"சண்ட போட வர்ல சார். நேத்து குப்ப பிரிக்கசொல்ல ஊசி குத்திச்சி. ஆஸ்பத்திரிக்கு ஓடுனேன். யாரு ஊசி, அவங்களுக்கு இன்னா வியாதின்னு டாக்டர் கேக்குறாரு. மாத்திர ஆரம்பிச்சிட்டாரு, தெரியலன்னா அத ஒரு மாசம் துன்னணுமாம். உங்க வூட்ல யாராவது ஊசி போட்டுக்கிறீங்களா?"

"எங்க வீட்ல யாரும் இல்லம்மா."

எப்படித்தான் அப்படிச் சொன்னேனோ! அவர் "சரி சார்" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்.

திரும்பினால் மனைவி நின்றுகொண்டிருந்தாள். "அந்தம்மாவுக்கு ஏதாவது ஒண்ணு ஆயிட்டா, ஞாயித்துக்கிழமை கோயில்ல போய் எப்படிங்க நிப்பீங்க?" என்றாள். அவ்வளவுதான். அதற்கு மேல் என்னால் வீட்டுக்குள் இருக்க முடியவில்லை.

கீழே ஓடினேன். தெருமுனையில் வண்டியை நிறுத்தி, அதன் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். "அது என் ஊசிதாம்மா. எனக்கு சுகர். உங்ககிட்ட பொய் சொல்லிட்டேன்" என்றேன். தெருவே கூடும்படி திட்டப்போகிறார் என்று எதிர்பார்த்தேன்.

அவர் நெஞ்சில் கை வைத்துப் பெருமூச்சு விட்டார். "சுகரா? அப்பாடா! நான் இன்னாவோ ஏதோன்னு பயந்துகினு கீறேன். நேத்துலேந்து என் பொண்ணுக்கு இந்தக் கையால தல கூட வாரி உடல சார்" என்றார். பிறகு மெதுவாக, "கவர் மேல உங்க பேரும் வூட்டு நம்பரும் கீது சார். நேத்தே பாத்துட்டேன்" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அப்புறம் ஏம்மா எல்லா வீட்டுக் கதவையும் தட்டினீங்க?"

"உங்க வூட்ட மட்டும் தட்டுனா, இன்னா ஏதுன்னு எல்லாரும் நோண்டுவாங்க. உங்களுக்குப் பேஜாரு. நீங்க யோசிச்சிட்டு வருவீங்கன்னுதான் இங்க குந்திகினு இருந்தேன்." சொல்லிவிட்டு லேசாகச் சிரித்தார். "ஆனா ஒண்ணு சார். பொய் சொன்னா மூஞ்சப் பாத்து சொல்லணும். நீங்க என் செருப்பப் பாத்துகினு சொன்னீங்க!"

அலுவலகத்துக்கு லீவு சொல்லிவிட்டு அவருடன் ஆஸ்பத்திரிக்குப் போனேன். சர்க்கரை என்று மட்டும் சொன்னால் போதாது, ரத்தத்தில் வேறு தொற்று இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும் என்று டாக்டர் என் ரத்தத்தை எடுத்தார். முடிவுக்காக வராந்தாவில் காத்திருந்தபோது அந்தம்மா தன் வேலையைப் பற்றிச் சொன்னார். கவரைச் சுருட்டியபடி விட்டால் அது கொடுங்கையூர் குப்பை மேட்டுக்குத்தான் போகுமாம். பிரித்து, விரித்து, அடுக்கினால்தான் மறுசுழற்சிக்கு எடுத்துக்கொள்வார்களாம். அதை விரிக்கத்தான் அவர் உள்ளே கை விட்டிருக்கிறார். நான் மறைத்து வைத்ததை, வீணாகக் கூடாது என்று அவர் பிரித்திருக்கிறார்.

எந்த கவர் எந்த வகை என்று கசக்கும் சத்தத்திலேயே கண்டுபிடித்துவிடுவாராம். பக்கத்தில் கிடந்த ஒரு பிஸ்கட் உறையை எடுத்துக் கசக்கிக் காட்டினார். பால் பாக்கெட்டின் மூலையைத் தனியாக வெட்டிப் போடக்கூடாது, அந்தத் துண்டு கைக்கே சிக்காது, பாக்கெட்டோடு ஒட்டியே இருக்கட்டும் என்றார். என்னிடம் அவர் கேட்டது ஒன்றுதான்: "ஊசிய ஒரு கெட்டி டப்பாவுல போட்டு, மூடி, தனியா கையில குடுத்துடுங்க சார்."

மாலைக்குள் முடிவு வந்தது. பயப்பட ஒன்றுமில்லை, மாத்திரையை நிறுத்திவிடலாம் என்றார் டாக்டர். அந்தம்மா அதைக் கேட்டதும் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அதுவரை எனக்குத் தைரியம் சொல்லிக்கொண்டிருந்தவர் அவர்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மொட்டைமாடியில் எல்லா வீட்டுக்காரர்களையும் கூப்பிட்டு, அது என் ஊசிதான் என்று சொன்னேன். யாரும் என்னைப் பாவமாகப் பார்க்கவில்லை. மேல்வீட்டுப் பெரியவர் மட்டும் தயங்கித் தயங்கி, "நானும் ஊசிய அப்படித்தான் குப்பையில போட்டுட்டு இருக்கேன்" என்றார். மறுநாளிலிருந்து ஈரக் குப்பை தனியாக, அலசிக் காயவைத்த கவர்களும் பாட்டில்களும் தனியாகப் போக ஆரம்பித்தன. ஆரம்பத்தில் முணுமுணுத்தவர்கள்கூட இன்று பார்சல் அட்டையைப் பிரித்துத் தட்டையாக்கிவிட்டுத்தான் கீழே கொண்டுவருகிறார்கள்.

தூக்கிப் போட்டதோடு குப்பை நம்மை விட்டுப் போய்விடுகிறது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அது நேராக இன்னொருவர் கைக்குப் போகிறது என்பதையும், அந்தக் கை என் மானத்தைக்கூட எவ்வளவு பத்திரமாகப் பார்த்துக்கொண்டது என்பதையும் நினைக்காமல் இன்றுவரை ஒரு காகிதத்தைக்கூட என்னால் எறிய முடிவதில்லை.