கல்லடி படாத முதுகு

இடுப்புத் துணியை வாரிச் செருகிக்கொண்டு நெஸ்மின் ஓடுகிறார். பின்னால் கல் பறக்கிறது. இடப்பக்கம் ஒரு துள்ளல், வலப்பக்கம் ஒரு துள்ளல். ஒன்றும் அவர்மேல் விழுவதில்லை. வாய்க்கால் திருப்பத்துப் பேரீச்ச மரத்தைத் தாண்டிவிட்டால் எறிவதை நிறுத்திவிட வேண்டும் என்பது ஆற்றின் மேற்குக் கரையில் எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். அந்த மரத்தில் சாய்ந்து மூச்சு வாங்குவார். வீட்டுக்குப் போனதும், "இன்னைக்கு ஆளுங்களுக்குக் கோவம் நல்லாவே வந்துச்சு" என்று மனைவியிடம் திருப்தியாகச் சொல்வார்.

நெஸ்மின் பிணம் கீறுகிறவர். இறந்த உடம்பு அழுகாமலிருக்க அதை உப்பில் கிடத்துமுன் குடலை வெளியே எடுக்க வேண்டும். அதற்காக எழுத்தர் இடப்பக்க வயிற்றில் மையால் ஒரு கோடு இழுப்பார். கறுப்புக் கல்லில் தீட்டிய கத்தியை அந்தக் கோட்டின்மேல் வைத்து ஒரே இழுப்பு. நெஸ்மினின் வேலை அவ்வளவுதான். மிச்சம் இருப்பது ஓட்டம். இறந்தவர்களின் கடவுளான ஒசிரிஸிடம் போகிற உடம்பில் காயம் செய்தவனைச் சும்மா விடலாமா? கூப்பிட்டு அனுப்பியவர்களே வைதுகொண்டு கல்லை எடுப்பார்கள். ஓடப்போகிற நினைப்பிலேயே கை பதறிக் கோட்டைத் தாண்டிக் கீறிவிடுகிற ஆட்கள் உண்டு. நெஸ்மின் கத்தியைத் துடைத்து உறையில் போடும்வரை வாசல் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்.

கீறும் நாளில் அவர் பீர் தொடுவதில்லை. ஒரு ரொட்டி, ஒரு வெங்காயம், அதோடு சரி. விடிந்ததும் போய், பிணம் கீறும் கூடாரத்திலிருந்து அந்தப் பேரீச்ச மரம்வரை பாதையில் கிடக்கும் முள்ளைப் பொறுக்குவார். பாறாங்கற்களை வாய்க்காலில் உருட்டிவிட்டு, அத்திப்பழ அளவுக் கற்களை வாசலருகே குவித்து வைப்பார். தன்னை அடிக்கத் தானே கல் பொறுக்கி வைக்கிற மனிதர் இந்த உலகத்தில் வேறு யாரும் இருப்பதாகத் தெரியவில்லை. கேட்டால், துக்கத்தில் இருப்பவர்களைக் குனிந்து தேட விடலாமா என்பார். ஒரு கல்கூடப் பட்டதில்லை என்பதில் மட்டும் அவருக்குக் கர்வம் உண்டு. யாராவது சந்தேகப்பட்டால் அங்கேயே திரும்பி நின்று, "வடு இருந்தா காட்டு" என்பார்.

காலையில் கல்லெறிந்தவர்கள் சாயங்காலம் முகம் பார்க்காமல் போவார்கள். அவர் கை பட்ட தட்டில் யாரும் சாப்பிடுவதில்லை. படகோட்டி ஹர்வா மட்டும் விதிவிலக்கு. பிணங்களைக் கிழக்குக் கரையிலிருந்து ஏற்றி வருகிறவன் அவன். "உனக்கு நான் சரக்கு கொண்டாரேன், எனக்கென்னடா தீட்டு?" என்று நெஸ்மினின் தட்டிலிருந்தே கருவாட்டை எடுத்துத் தின்பான். இருவரும் காய் நகர்த்தி ஆடும் முப்பது கட்டப் பலகையை நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் ஊரே காதைப் பொத்த வேண்டும், அத்தனை ஏச்சு. ஹர்வாவின் சொந்தத்தில் யாராவது இறந்தால் அவனும் கல்லெறிவான். குறி தப்பும். அன்று முழுக்க நெஸ்மின் அவனைக் கேலி செய்வார்.

ஒருநாள் ஹர்வா விளையாட்டை நிறுத்திவிட்டு, தன் வயிற்றை நெஸ்மின்தான் கீற வேண்டும், வேறு எவன் கையும் ஆகாது என்றான். நெஸ்மின் சம்மதித்தார். ஆனால் எறிய ஆள் வேண்டும் என்றார். "காயம் பட்டவனுக்காகக் கோவப்பட ஒருத்தன் வேணும். இல்லேன்னா அது நாதியில்லாத பொணம்டா. செத்தவங்க போற மேற்கே போனா உனக்கு யாரு இருந்தான்னு கேப்பாங்க." புரோகிதர்கள் இப்படிச் சொல்லி யாரும் கேட்டதில்லை. இது நெஸ்மினின் சொந்த நம்பிக்கை. அதை யாராலும் அசைக்க முடியாது.

போன வெள்ளம் வடிந்த கையோடு காய்ச்சல் வந்து ஹர்வா போய்விட்டான். நெஸ்மினுக்கு அதற்குள் முழங்கால் வீங்கி, நடப்பதே பெரும்பாடாக இருந்தது. மனைவி தடுத்தும் கேட்கவில்லை. வழக்கம்போல விடியலில் முள்ளைப் பொறுக்கினார், கல்லைக் குவித்தார். கூடாரத்துக்குள் நண்பனின் வயிற்றில் எழுத்தர் இழுத்த கோட்டை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். கை பதறவில்லை. ஒரே இழுப்பு.

கத்தியை உறையில் போட்டுவிட்டு வெளியே வந்தால், ஒரு கல்லும் வரவில்லை. ஹர்வாவின் தம்பிகள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். நெஸ்மின் நம்ம வீட்டு மனுஷன், காலும் சரியில்லை, எறிய வேண்டாம் என்று இரவே பேசி முடிவெடுத்திருந்தார்கள். அன்பால் செய்ததுதான். நெஸ்மின் யாராவது எறியுங்கள் என்று ஒவ்வொருவராகப் பார்த்துக் கெஞ்சினார். தலையைக் குனிந்துகொண்டார்கள்.

ஹர்வாவின் மனைவி தாபேஸ் அவரிடம் வந்து, "நீங்க வீட்டுக்குப் போங்கண்ணே. எங்களுக்கு உங்கமேல கோவமே இல்ல" என்றாள்.

"என்மேல வேணாம், தங்கச்சி. அவன் வயித்துல கத்தி பட்டுருக்கு. அதுக்குக் கோவப்படு. கேக்க ஆளில்லாம அவன அனுப்பிடாத."

அவள் அழுதாள். அவர் குனிந்து, குவியலிலிருந்து கைக்கு அடக்கமான கல்லாகப் பார்த்து எடுத்து, அவள் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினார். பிறகு இடுப்புத் துணியை வாரிச் செருகிக்கொண்டு ஓடத் தொடங்கினார். அவள் கையில் அவ்வளவு வலு இராது என்று தெரிந்து மெதுவாகவே ஓடினார். பின்னால் தாபேஸ் புருஷன் பெயரைச் சொல்லி அலறுவது கேட்டது. நெஸ்மின் இடப்பக்கமும் துள்ளவில்லை, வலப்பக்கமும் துள்ளவில்லை. முதுகை நிமிர்த்திக்கொண்டு நேராக ஓடினார்.