செவ்வாய்க்கிழமை முறை

என் கணவருக்குக் காரைக்குடியை ஒட்டிய சாக்கோட்டை யூனியன் ஆபீஸில் குமாஸ்தா வேலை. அறுபதுகளின் கடைசியில் ஒரு நாள் மேலதிகாரி அவரைக் கூப்பிட்டு, இந்த வட்டாரத்தில் அரசாங்கமும் நடத்தாமல், லாபத்துக்கும் நடத்தாமல், ஜனங்கள் தாங்களாகவே நடத்துகிற சங்கம், சபை, மன்றம், தர்மம் என்று எத்தனை உண்டோ அத்தனையையும் விசாரித்து எழுதி வரச் சொன்னார். மாநிலம் முழுக்கவே எடுக்கிறார்களாம். ஒரு வாரத்தில் முடிந்துவிடும் என்று சொல்லி சைக்கிளை எடுத்தவர்தான். எனக்கு மசக்கை தொடங்கியபோது கிளம்பிய கணக்கு, வயிறு முன்னால் தள்ளிய பிறகும் முடியவில்லை.

சாயங்காலம் வந்து கால் கழுவியதும், அன்றைக்கு அகப்பட்ட சங்கங்களை எனக்குச் சொல்வார். கூடை நிறைய மீனோடு வந்தவர் மாதிரி முகத்தில் அவ்வளவு பெருமை இருக்கும். மானகிரிப் பக்கம் ஒரு தண்ணீர்ப்பந்தல் தர்மம், பர்மாவில் சம்பாதித்த யாரோ எழுதிவைத்தது. திருக்கோஷ்டியூர் தெப்பத்துக்கு நடந்து போகிறவர்களுக்கு மோர் கொடுப்பதற்கென்றே ஒரு சபை, மற்ற மாதமெல்லாம் அதற்கு உறக்கம். பசுமடம், வேதபாடசாலை, தையல்காரர் சங்கம், பள்ளிவாசல் தெருப் பையன்கள் கூலிக்காரர்களுக்கு நடத்துகிற இரவுப் பள்ளி. ஒரே ஒரு தினசரி வருகிற படிப்பகம் ஒன்று, அதற்குத் தலைவர், துணைத் தலைவர், செயலாளர், பொருளாளர் எல்லாரும் உண்டு, வாசகர்தான் இல்லை. நாடக சபை இரண்டு. ஒன்றிலிருந்து ராஜா வேஷக்காரர் கோபித்துக்கொண்டு போய் இன்னொன்று தொடங்கியிருந்தார். சினிமா நடிகர்களுக்கு மன்றம் தெருவுக்குத் தெரு. அனாதைப் பிணங்களை எடுத்து அடக்கம் செய்கிற சில பேரிடம் போய் உங்கள் சங்கத்தின் பெயர் என்ன என்று கேட்டிருக்கிறார். "பொணம் தூக்குறவுகன்னு எழுதிக்கங்க" என்றார்களாம்.

"இந்த ஊர்ல வியாபாரியைவிடச் செயலாளர்தான் ஜாஸ்தி போலிருக்கு" என்றேன். அவருக்கு அது பிடிக்கவில்லை. எத்தனை பேர் பிறத்தியாருக்காக ஓடுகிறார்கள் என்று பார், உனக்கு எல்லாமே கேலிதான் என்றார்.

எனக்குக் கேலி வராமல் என்ன செய்யும்? நான் வளர்ந்ததே அப்படி ஒரு தர்மத்தில்தான். திருச்சிப் பக்கம் ஆதரவற்ற பெண்பிள்ளைகளுக்கான இல்லம் அது. சோறு போட்டார்கள், படிக்கவைத்தார்கள், குறை சொல்ல மாட்டேன். ஆனால் தட்டைக் கழுவினால் அடியில் யாரோ ஒருவரின் உபயம் என்று பெயர் வரும். விருந்து கொடுக்கிறவர் வர நேரமானால் இலையில் பரிமாறிய சோறு ஆறிக்கொண்டிருக்கும், நாங்கள் அதன் முன்னால் கைகூப்பிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். அவர் வந்து, நாங்கள் பாட்டுப் பாடி, நன்றி சொல்லி முடித்த பிறகுதான் வாயில் வைக்கலாம். கல்யாணமாகி வெளியே வந்த அன்றைக்கே தீர்மானம் செய்துகொண்டேன், இனிமேல் கொடுக்கிற கை எதிலிருந்தும் ஒரு பருக்கை வாங்கித் தின்பதில்லை என்று. இன்ன சாதி என்று தெரியாத பெண்ணைக் கட்டிக்கொண்டதற்காக என் கணவர் வீட்டிலும் படி ஏறவேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். ஆக, எங்களுக்கு நாங்கள் இரண்டு பேர்தான்.

முதல் பிள்ளை ஏழாம் மாதத்தில் தங்காமல் போய்விட்டது. காரைக்குடிக்கு மாற்றல் வந்தது அதற்குப் பிறகுதான். இங்கே ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா என் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "ரத்தமே இல்லையேம்மா. தண்ணி தூக்காம, நல்லாச் சாப்பிட்டு, தாய்வீட்டுல போய்ப் படுத்திரு. இல்லேன்னா இதுவும் கஷ்டம்" என்றார். நான் தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன். எனக்கு ஏது தாய்வீடு என்று அவரிடம் சொல்ல மனசு வரவில்லை.

எனக்கு ஏழாம் மாதம் தொடங்கியது. ஒரு வெள்ளிக்கிழமை, தெருமுனைப் பெரிய வீட்டு ஆச்சி வாசலில் வந்து நின்றார். கையில் கிண்ணம் நிறையக் கும்மாயம், உளுந்தையும் கருப்பட்டியையும் நெய்விட்டுக் கிண்டியது. வாசனை உள்ளறை வரைக்கும் வந்தது. "எனக்கு இனிப்பு ஆகாது ஆச்சி" என்று சொல்லித் திருப்பி அனுப்பினேன். ஆகாதாவது! அவர் போன பிறகு வாசற்படியிலேயே உட்கார்ந்து எச்சில் விழுங்கிக்கொண்டிருந்தேன். அடுத்த நாள் எதிர்வீட்டுக்காரி முருங்கைக்கீரை கொண்டுவந்தாள். அதையும் வாங்கவில்லை. அதற்கடுத்த நாள் வேறொருத்தி. ஆபீஸில் இவர்தான் யாரிடமோ புலம்பி, தெருவே சேர்ந்து எங்களுக்குப் பிச்சை போடுகிறது என்று எனக்குள் ஆத்திரம் ஏறிக்கொண்டே வந்தது.

செவ்வாய்க்கிழமை அடுத்த வீட்டு அக்கா வந்தார். அவருடைய கணவர் மலாயாவில் கடை வைத்திருந்தார். மூன்று பிள்ளைகளை வைத்துக்கொண்டு தனியாகக் குடும்பம் நடத்துகிறவர். முக்காட்டை ஒரு கையால் இழுத்துவிட்டுக்கொண்டு, மறு கையில் தூக்குவாளியை நீட்டினார். "ஈரல் ஆணம் தங்கச்சி. சூடு ஆறுமுன்ன தின்னுரு."

"எதுக்குக்கா தினம் ஒருத்தரா தூக்குவாளியத் தூக்கிட்டு வர்றீங்க? எங்க வீட்டுல அடுப்பு எரியத்தான் செய்யுது."

"எரியட்டும். யாரு அணைக்கச் சொன்னா?"

எனக்குப் பொறுக்கவில்லை. "இதெல்லாம் கொண்டுவர, நீங்க எனக்கு என்ன முறை?" என்று கேட்டுவிட்டேன். என்ன உறவு, என்ன உரிமை என்று முகத்தில் அடித்த மாதிரி கேட்டது அது. வேறு யாராவது இருந்திருந்தால் அதோடு போயிருப்பார்கள்.

அக்கா யோசித்தார். "நானா? நான் செவ்வாக்கிழமை முறை. ஆச்சி வெள்ளி. ஏன் தங்கச்சி, யாரும் கெழம மாத்தி வந்துட்டாகளா?"

நிஜமாகவே கவலையோடு கேட்டார். நான் கதவைப் பிடித்துக்கொண்டு அவரைப் பார்த்தேன். அடக்கப் பார்த்தும் முடியாமல் சிரித்துவிட்டேன். எதற்குச் சிரிக்கிறேன் என்று தெரியாமலே அவரும் சிரித்தார். பிறகு உள்ளே வந்து உட்கார்ந்து, தூக்குவாளியைத் திறந்து அவரே குழம்பைத் தட்டில் ஊற்றினார்.

"தாய்வீடு தூரமா இருக்கவளுக்கு, இல்லாமலே போனவளுக்கு, இந்தத் தெருவுல ஏழாம் மாசத்துலருந்து, பெத்து நாப்பது நாள் கழியிற வரைக்கும் முறை போட்டு ஆக்கிக் குடுக்கிறது. மூத்தவன் வயித்துல இருக்கப்பத்தான் எங்கம்மா மவுத்தாப் போனாக. ஆச்சி வீட்டுக் கும்மாயத்தத் தின்னுதான் அவனப் பெத்தேன். நீ பெத்து எந்திரிச்ச பெறகு ஒனக்கும் ஒரு கெழம இருக்கு. அடுத்தவளுக்கு நீ ஆக்கிப் போடு."

"அப்ப இது தர்மம் இல்லையா அக்கா?"

"தர்மமா? அது பள்ளிவாசலுக்கு, கோயிலுக்கு. இது சோறு. தின்னு."

தின்றேன். தட்டைத் துடைத்துத் தின்றேன். எனக்குச் சாப்பாடு போட்டுவிட்டு என் முகத்தைப் பார்க்காமல், கொடியில் கிடந்த துணிகளை மடித்துவைத்துக்கொண்டிருந்த முதல் மனுஷி அவர்தான்.

சாயங்காலம் நான் சொன்னதும் என் கணவருக்குக் கண் விரிந்துவிட்டது. வெள்ளிக்கிழமை வரட்டும் என்று காத்திருந்து, ஆச்சி வந்ததும் பேனாவைத் திறந்துகொண்டு உட்கார்ந்தார். இதற்குப் பெயர் என்ன என்று கேட்டார்.

"பேரா? சோறாக்கிப் போடுறதுக்குப் பேரு வேற வைக்கணுமாக்கும்" என்றார் ஆச்சி.

"சரி ஆச்சி, தலைவர் யாரு?"

"வாயும் வயிறுமா இருக்கவதான் தலைவி. அவ கேக்குறதத்தான ஆக்குறோம்."

"எப்ப ஆரம்பிச்சாங்க?"

"நான் இந்த வீட்டுக்கு வாக்கப்பட்டு வாரப்பவே இருந்துச்சு. நீக என்ன தம்பி, போலீஸ்காரவுக மாதிரிக் கேக்குறீக?"

அவர் பேனாவை மூடிவிட்டார். நான் கும்மாயத்தை வழித்துத் தின்பதைப் பார்த்துக்கொண்டே, "வாசல்ல போர்டு தொங்கினாத்தான் நான் சைக்கிளை நிறுத்தினேன். போர்டு இல்லாத தெருவுல எல்லாம் மிதிச்சுக்கிட்டே போயிட்டேனே" என்றார். எங்கள் தெரு ஒன்று. இப்படி ஊருக்குள் எத்தனை தெரு, ராமநாதபுரம் ஜில்லாவில் எத்தனை ஊர், அதற்கு அப்பால் எத்தனை ஜில்லா. சென்னையில் யாரோ ஒருவர் எல்லாவற்றையும் கூட்டி அடியில் கோடு போட்டிருப்பார். அவரை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பாவமாக இருக்கிறது.

பிரசவத்துக்கு நாள் கணக்குப்படி இன்னும் மூன்று வாரம் இருந்தது. காலையில் இவர் ஏதோ ஒரு கிராமத்துக்குக் கிளம்பிப் போன பிறகு எனக்கு வலி எடுத்தது. கூடவே ரத்தம். சுவரைத் தட்டினேன். அக்கா ஓடிவந்து பார்த்தார், மகனைக் குதிரைவண்டிக்கு விரட்டினார். ஆச்சி செருப்பில்லாமல் வந்தார். தெரு அடைக்கும் அவ்வளவு பெரிய வீட்டை ஒருநாளும் பூட்டாமல் விட்டுவராதவர், அன்றைக்குச் சாவிக்கொத்தை எங்கே வைத்தோம் என்று கூடத் தெரியாமல் வண்டியில் ஏறினார். யார் யாரோ பின்னாலேயே நடந்து வந்தார்கள்.

பிள்ளை குறுக்கே கிடக்கிறது, அறுத்துத்தான் எடுக்க வேண்டும் என்றார் டாக்டரம்மா. எனக்குப் பயமாக இருந்தது. இதுவும் போய்விடும், இந்தத் தடவை நானும் சேர்ந்து போவேன் என்று முடிவே கட்டிவிட்டேன். உள்ளே தள்ளிக்கொண்டு போகும்போது அக்கா என் காதுக்குப் பக்கத்தில் குனிந்தார். "புதன்கெழமைக்கு இப்ப ஆளு இல்ல தங்கச்சி. அது ஒனக்குத்தான் வச்சிருக்கோம். வந்துரணும்" என்றார். அதற்கப்புறம் எனக்கு எதுவும் தெரியாது.

மிச்சத்தைச் சொன்னது என் கணவர். தகவல் கிடைத்து அவர் வியர்க்க விறுவிறுக்க சைக்கிளைப் போட்டுவிட்டு உள்ளே ஓடிய நேரமும், ஆயா பிள்ளையைத் துணியில் சுற்றி வெளியே கொண்டுவந்த நேரமும் ஒன்றாக இருந்ததாம். பெண் பிள்ளை, தாயும் பிழைத்துவிட்டாள் என்று சொல்லியிருக்கிறார் ஆயா. பிரசவமான பெண்ணின் அம்மா கையில்தான் முதலில் பிள்ளையைக் கொடுப்பது அவருடைய வழக்கம். அதனால், "பொண்ணப் பெத்தவுக யாரு?" என்று கேட்டிருக்கிறார். அப்படி யாரும் இல்லை என்று சொல்ல இவர் வாயைத் திறப்பதற்குள், பெஞ்சிலும் தரையிலும் உட்கார்ந்திருந்த அத்தனை பெண்களும் எழுந்து நின்றார்களாம். அக்கா, ஆச்சி, எதிர்வீட்டுக்காரி, பெயர் கூட இவருக்குத் தெரியாத மற்றவர்கள். ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொள்ளக் கூட இல்லை என்றார்.

இல்லத்தில் இருந்தபோது, பிள்ளை இல்லாதவர்கள் யாராவது தத்தெடுக்க வந்தால் நாங்கள் எல்லோரும் எழுந்து நிற்போம். அவர்கள் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு போவார்கள். நானும் எத்தனையோ தடவை தலையை வாரிக்கொண்டு நின்றிருக்கிறேன், யாரும் என்னைக் கேட்டதில்லை. இப்போது என்னைக் கேட்டு இத்தனை பேர் எழுந்து நின்றிருக்கிறார்கள். வாய்விட்டு அழுதேன். தையல் பிரிந்துவிடும், பேசாமல் படு என்று நர்ஸ் வந்து அதட்டும் வரைக்கும் அழுதேன்.