நெரிசல் தெருவின் ஒற்றை மரம்

நகராட்சிக்காக மரக்கன்று நடுவது செடியக்காவின் வேலை. பெற்றவர்கள் வைத்த பெயர் அவளுக்கே மறந்துபோயிருக்கும். மேற்பார்வையாளர் முதல் லாரி டிரைவர் வரை எல்லோருக்கும் அவள் செடியக்காதான். எதையும் துருவித் துருவிப் பார்க்காவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது.

அந்த வருடம் அவள் மண்டையைக் குடைந்தது ஒரு கேள்வி. பங்களாக்கள் இருக்கும் அகலத் தெருவில் நட்ட கன்றுகள், ஏனென்று கேட்க நாதியில்லாமலேயே தளதளவென்று வளர்ந்தன. அந்த நிழலில் ஒரு கார் நிற்கும், அவ்வளவுதான். வீடும் வீடும் முட்டிக்கொள்கிற நெரிசல் தெருவிலோ ஜனங்கள் வெயிலில் வெந்துகொண்டிருக்க, வைத்த கன்றுகளெல்லாம் செத்தன. இரண்டிடத்திலும் அதே நாற்றங்கால், அதே எரு, அதே கை. ஏற்கெனவே இரண்டு போய்விட்டன. மூன்றாவதும் மஞ்சளடித்து நின்றது.

"இதுவும் போச்சுன்னா அந்தத் தெருவுக்கு இனிமே கன்னு கிடையாது" என்று மேற்பார்வையாளர் முடிவாகச் சொல்லிவிட்டார்.

செடியக்காவுக்குச் சுருக்கென்றது. அந்தத் தெருவில் ஒரே ஒரு மரம் பிழைத்தால் எத்தனை தலைக்கு நிழல்! அதைப் போய் யார் கொல்கிறார்கள்? விடுமுறை நாளன்று தையல்கடை வாசலில் ஸ்டூலைப் போட்டுக் கண்கொத்திப் பாம்பாக உட்கார்ந்துவிட்டாள்.

முதல் வீட்டுக்காரி வந்தாள். ஒரு வாளித் தண்ணீரைக் கன்றின் அடியில் கொட்டிவிட்டுப் போனாள். சற்றைக்கெல்லாம் மாடிவீட்டுப் பெரியவர் ஒரு சொம்போடு இறங்கினார். பிறகு மாவுமில்காரர். அப்புறம் துணி அலசிய தண்ணீரோடு ஒரு மருமகள். வெயில் ஏறுவதற்குள் பாதித் தெரு வந்து போய்விட்டது. தையல்காரரும் எழுந்து போய்த் தன் பாட்டிலைக் கவிழ்த்துவிட்டு வந்தார்.

"நீங்களுமாண்ணே?"

"பாவம்மா, இந்தத் தெருவுல அதை யாரு கவனிக்கிறா? நான் ஒருத்தன்தான்."

செடியக்கா கன்றின் அடியில் விரலை விட்டுப் பார்த்தாள். ஒரே சேறு, சோப்பு நாற்றம். அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. கையோடு தெருவையே கூப்பிட்டுவிட்டாள்.

"ஒரு பிள்ளைக்குத் தெருவே சேர்ந்து ஊட்டினா வயிறு என்னத்துக்கு ஆகும்? வேரு அழுகுது!"

"நான் மட்டும்தானே ஊத்தினேன்?" என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். பிறகு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முதல் வீட்டுக்காரிக்கு முகம் தொங்கிப்போனது.

"அப்ப முன்னாடி ரெண்டையும் நாமதான் கொன்னுட்டமா?"

இனி யார் ஊற்றுவது என்று அடுத்த சண்டை தொடங்கியது. செடியக்கா குரலை உயர்த்தினாள்.

"துளிர் விடுற வரைக்கும் ஒரு சொட்டு கூடாது. அப்புறம் வீட்டுக்கு ஒரு வாரம், அதுவும் நல்ல தண்ணி. முறை இல்லாதவங்க வாளியைத் தூக்கினா மத்தவங்க பிடிங்க!"

இவ்வளவு பேர் இருக்கிற தெருவில் காவலுக்கா பஞ்சம்? சேற்றை வழித்து, மணல் கலந்து புது மண் போட்டாள். வேலை முடிந்து போகும்போதெல்லாம் எட்டிப் பார்த்தாள். பல நாள் ஒன்றுமில்லை. பிறகு நுனியில் ஒரு துளிர் எழுந்தது.

சில வருடங்கள் போயிருக்கும். ஒரு கோடை மதியம் வியர்த்து விறுவிறுத்து அந்தத் தெருவுக்கு வந்தாள். மரத்தடியில் தையல் மிஷின், காய் நறுக்கும் பெண்கள், நியூஸ்பேப்பரோடு பெரியவர், தூங்குகிற கைக்குழந்தை. கால் வைக்க இடமில்லை.

"கொஞ்சம் தள்ளி உக்காருங்கம்மா."

"எங்கக்கா தள்ளுறது?" என்றாள் முதல் வீட்டுக்காரி, இருந்த இடத்தை விட்டு அசையாமல். "நீங்க இன்னொண்ணு நட்டிருக்கணும்."

செடியக்காவுக்கு மனசு குளிர்ந்துவிட்டது. வெயிலில் நின்றபடியே, அடுத்த குழிக்கு இடம் தேட ஆரம்பித்தாள்.