பக்கிள் குடியாத்தம் போன கதை

எங்கள் நாய்க்குப் பக்கிள் என்று பேர் வைத்தது அப்பாதான். வீட்டுக்கு வந்த அன்றே ஷூ பக்கிள் ஒன்றைக் கடித்து வைத்திருந்தது. ஆம்பூரில் எங்கள் தெருவில் ஷூவுக்கு மேல்தோல் தைக்காத வீடே கிடையாது. கம்பெனியிலிருந்து அப்பா கொண்டுவரும் கட்டைப் பிரித்து அம்மா கையால் தைப்பாள். கொஞ்சம் அசந்தால் தைத்தது பக்கிளின் வாயில் இருக்கும். திட்டினால் வாலை ஆட்டிக்கொண்டு வந்து திட்டுகிறவர் முகத்தையே நக்கும். அதை எப்படி அடிப்பது?

இன்னொரு தடவை தோல் கிழிந்தால் வேலையே கிடையாது என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். ஏலகிரி அடிவாரத்தில் நாயை விட்டுவிட்டு வருகிறேன் என்றார் அப்பா. நான் சாப்பிடாமல் அழுது தீர்த்தேன். தோலே இல்லாத வீடாகப் பார்த்துக் கொடுப்போம் என்று கடைசியில் இறங்கி வந்தார். ஆம்பூரில் அதற்கு எங்கே போவது? அப்போதுதான் அவருக்குத் தன் அக்கா ஞாபகம் வந்தது. அத்தை குடியாத்தத்தில் டீச்சர். அது லுங்கி நெய்கிற ஊர். வீட்டுக்குப் பின்னால் ஓடியாடத் தோட்டமும் உண்டு. மாமா இறந்து ஒரு வருஷமாக அத்தை அங்கே தனியாக இருந்தாள்.

பக்கிளை ரெக்ஸின் பையில் உட்காரவைத்து பஸ் ஏறினோம். தோல் பையென்றால் பாதி வழியில் பையே இருந்திருக்காது. முறைத்த கண்டக்டரின் கையை நக்கியே பக்கிள் அவரையும் சிநேகம் பிடித்துக்கொண்டது.

அத்தையிடம் அந்த வித்தை பலிக்கவில்லை.

"எனக்கு எதுக்குடா இந்தப் பேஜாரு? கூட்டிம் போய்டு."

இனி ஏலகிரிதான் என்று நான் பக்கிளின் கழுத்தைக் கட்டிக்கொண்டேன்.

அந்த வீட்டிலும் தோல் இருந்ததை அப்பா மறந்துபோயிருந்தார். வாசற்படியோரம் மாமாவின் செருப்பு. அத்தை தினமும் துடைத்துத் துடைத்து வைப்பாள். வேறு யாரும் அதைத் தொடக் கூடாது. பக்கிள் நேராகப் போய் ஒன்றைக் கவ்விக்கொண்டு தோட்டத்துக்கு ஓடியது. அப்பா குடையை ஓங்கிக்கொண்டு பின்னால் ஓடினார்.

"அடிக்காதடா. கடிச்சிட்டுப் போவட்டும்" என்றாள் அத்தை.

சற்று நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு மற்றச் செருப்பையும் எடுத்து வந்து தூர எறிந்தாள். பக்கிள் பாய்ந்து போய்க் கொண்டுவந்தது. மறுபடியும் எறிந்தாள். முந்தானை நழுவுவதுகூடத் தெரியாமல் சிரித்தாள். பக்கிளுக்கு வீடு கிடைத்துவிட்டது என்று நானும் கத்திக்கொண்டே கூட ஓடினேன்.

அப்பா மட்டும் விளையாட வரவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பி நின்று துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். குடியாத்தம் வெயில் அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.